விடலைச் சேவலும் வீட்டுப் பிள்ளையும்

இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். செம்பனைத் தோட்டமொன்றின் லயத்தில் குடியிருக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன்.

"அக்கா, ஆறு மாதத்துக்கு முன்னே எங்கள் தாய்க்கோழியை ராத்திரியில் மூசாங் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்பது குஞ்சில் ஒன்றுதான் மிஞ்சியது. அதை என் மூத்த மகன் அட்டைப் பெட்டியில் போட்டு, அடுப்படியில் விளக்கு எரியவிட்டுக் காப்பாற்றினான். பள்ளிவிட்டு வந்தால் தோளில் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிவான். ராஜா என்று கூப்பிட்டால் ஓடிவரும். இப்போது நன்றாக வளர்ந்து விடியற்காலை நாலு மணிக்கே கூவுகிறது. ஒரு மாதமாக என் சின்ன மகள் குழாயடிக்குப் போனால் பின்னாலேயே ஓடிப்போய்க் காலில் அடிக்கிறது. பிள்ளைக்கு மூன்று வயது. அவள் அப்பா, தீபாவளிக்கு அறுத்துவிடலாம், அதுவரைக்கும் பொறு என்கிறார். அறுத்தால் நான் சோறு தின்ன மாட்டேன் என்கிறான் பெரியவன். நான் யார் பக்கம் பேசட்டும்?"

தங்கச்சி, நீங்கள் மூன்று வயதுக்காரியின் பக்கம்தான் பேச வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீபாவளி வரைக்கும் பொறுப்பது என்பதும் சரியில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் உங்கள் மகன் கேட்கிற கேள்வி ஒன்று கடிதத்தில் எழுதாமல் நிற்கிறது. "நான் ஆசையாக வளர்த்த சேவல் ஏன் இப்படிக் கெட்டுப்போயிற்று?" என்பதுதான் அது. அதற்குப் பதில் தெரிந்தால், அடுத்த குஞ்சையாவது அவன் ஒழுங்காக வளர்ப்பான்.

சேவல் குஞ்சு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பெட்டைக் குஞ்சின் கொண்டை வெளிறிக் கிடக்க, இதன் கொண்டை மட்டும் சிவக்கத் தொடங்கும். கால் தடித்திருக்கும். மூன்று மாதம் நெருங்கும்போது கழுத்திலும் முதுகின் பின்புறத்திலும் மினுமினுப்பான கூரிய இறகுகள் இறங்கும். நாலைந்து மாதத்தில் தொண்டை கட்டினவன் மாதிரி ஒரு கூவல் வரும். பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு வருகிற மூன்று நாலு மாதங்கள்தாம் பொல்லாத காலம். உடம்புக்குள் வீரியம் ஊறுகிறது, அறிவு இன்னும் வரவில்லை. நம் வீட்டு விடலைப் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டத்தோடு வளர்கிற விடலைச் சேவலுக்கு இந்த வயதில் வாத்தியார்கள் உண்டு. பெரிய சேவல் முன்னால் கொண்டையை நிமிர்த்தினால் துரத்தும். வயதான பெட்டைகள் இன்னும் கண்டிப்பு. முறை தெரியாமல் மேலே பாய்ந்தால் மண்டையில் ஒரு கொத்து. இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் அது தீனியைக் கண்டால் தான் விழுங்காமல் பெட்டையைக் கூப்பிடவும், ஓர் இறக்கையைத் தரையில் உரசவிட்டுப் பக்கவாட்டில் சிற்றடி வைத்துச் சுற்றிவரவும் கற்றுக்கொள்கிறது. அதுதான் கோழி இனத்தின் மரியாதை.

உங்கள் ராஜாவுக்கு அந்த வாத்தியார்கள் கிடைக்கவில்லை. அது கண் விழித்துப் பார்த்த உலகம் அட்டைப் பெட்டியும் உங்கள் மகனின் கையும். மனிதரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் குடும்பத்தைத்தான் அது தன் கூட்டம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தில் யார் பெரியவன் என்று பார்க்கும் வயது வந்ததும், இருப்பவர்களில் சின்ன ஆளாகப் பார்த்து மோதிப் பார்க்கிறது. தாய்க்கோழியோடு காட்டுத்தனமாக வளர்ந்து, நம்மைக் கண்டால் எட்ட நிற்கும் சேவல் பெரும்பாலும் மனிதரை அடிப்பதில்லை. மடியில் வளர்ந்ததுதான் அடிக்கிறது. ஆசையாக வளர்த்ததால் இப்படி ஆகவில்லை. தனியாக வளர்த்ததால் ஆனது. மகனுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

அடிப்பதற்கு முன்னால் அது நாலைந்து முறை சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறது. நமக்குத்தான் புரிவதில்லை. நம்மைப் பார்த்து இறக்கையைத் தாழ்த்திச் சுற்றிவந்தால், "அடடா, ஆட்டம் ஆடுகிறது" என்று கைதட்டுகிறோம். தரையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் கொத்துவது போலப் பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் நம் காலைப் பார்க்கும். கழுத்து இறகு குடைபோல விரியும். அடுத்தது இரண்டு காலையும் முன்னே நீட்டி ஒரு பாய்ச்சல். பையன்கள் இதைக் கண்டதும் சிலிப்பர் போட்ட காலை நீட்டிச் சீண்டுவார்கள். சேவல் பாயும், பையன் பின்வாங்கிச் சிரிப்பான். அவனுக்கு அது விளையாட்டு. சேவலின் கணக்கில் அது வெற்றி. பத்து நாள் இப்படி விளையாடினால், பெரியவர்களையே துரத்துகிற சேவல் உருவாகிவிடும். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் செய்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள். நான் விசாரித்த வீடுகளில் பாதிக்கு மேல் "ஆமாம்" என்றுதான் பதில் வந்தது. தகப்பன்மாரும் இதில் சேர்த்தி.

இனி, தீபாவளி வரைக்கும் ஏன் பொறுக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். மூன்று வயதுப் பிள்ளை குழாயடியில் குந்தி உட்கார்ந்தால் அதன் கண் சேவலின் நெஞ்சு மட்டத்தில் இருக்கிறது. இன்று கெண்டைக்காலில் விழுகிற அடி நாளை முகத்தில் விழலாம். விடலைச் சேவலின் முள் இப்போது வெறும் மொட்டாக இருக்கும். நகமும் அலகும் போதும், கண்ணைக் கெடுக்க. வயதானவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன ஒரு மூதாட்டியின் காலில் சேவல் கொத்தியது. சுருட்டிக்கொண்டிருந்த நரம்பு கிழிந்து, நிற்காமல் இரத்தம் போய் அவர் இறந்தார். 2019ல் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த செய்தி இது. ஆயுள் முழுவதும் நின்றும் நடந்தும் பால் வெட்டிய நம் பாட்டிமார்களில் எத்தனை பேருக்குக் காலில் அப்படி நீல நரம்பு புடைத்துக்கொண்டிருக்கிறது! அவர்களைச் சேவல் இருக்கும் கூட்டுக்குள் முட்டை எடுக்க அனுப்பாதீர்கள்.

சேவல் கீறிய புண்ணைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். ஆழமாகக் குத்தியிருந்தால் கிளினிக்கில் காட்டி, இசிவு நோய்க்கான ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். கண்ணிலோ கண்ணோரத்திலோ பட்டால் மஞ்சளும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒரு சேவல் இருந்தது. செங்கறுப்பு நிறம், வால் அரிவாள் போல வளைந்து தொங்கும். என் தம்பிக்குக் காய்ச்சல் வந்து நாலு நாளாக இறங்காமல் இருந்தபோது பாட்டி முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட குஞ்சு அது. நேர்ந்துவிட்டதை யாரும் அடிக்க மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள். லயத்தில் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் ஒரு பிடி அரிசி விழும். அடுத்த வீட்டு அத்தை காயப்போட்ட வடகத்தைக் கொத்தினால்கூட, "சாமி சேவல்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் துணியை நகர்த்திப் போடுவார். கேட்க ஆள் இல்லாத பிள்ளை எப்படி வளருமோ அப்படி வளர்ந்தது. ஆறாம் மாதத்தில் ஆயாக் கொட்டகைப் பக்கம் போய்ப் பிள்ளைகளைத் துரத்த ஆரம்பித்தது. அப்போதும் யாரும் கை ஓங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், யாருக்காக நேர்ந்தார்களோ அந்தத் தம்பியையே அடித்துவிட்டது. அவனுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியவள். உள்ளே போய் வந்த நேரம் அவ்வளவுதான். இடது கண்ணுக்குக் கீழே அரை விரல் நீளத்துக்குக் கிழிந்து முகமெல்லாம் இரத்தம். டிரெசர் ஐயா பார்த்துவிட்டு, "இன்னும் நெல்லளவு மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் லயமே கூடிவிட்டது. திருவிழாவுக்கு இன்னும் நாலு மாதம். இப்போதே அறுத்தால் சாமி குற்றம் என்றார் ஒருவர். சாமி சேவல் பிள்ளையைத் தொட்டதே ஏதோ குறிப்புத்தான் என்றார் இன்னொருவர். அப்பா ஒன்றும் பேசாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பாட்டி மட்டும் எழுந்து போய்ப் பூசாரியைக் கேட்டு வந்தார். "நேர்ந்தது கோயிலுக்கு வந்து சேர்ந்தால் போதும். அதுவரைக்கும் அவிழ்த்துவிட்டு வை என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை" என்றாராம் பூசாரி. இருட்டினதும் பாட்டி அதைப் பிடித்து, வீட்டின் பின்புறம் கட்டையும் கம்பி வலையும் வைத்து அடைத்துவிட்டார். நாலு மாதமும் அது வெளியே வரவில்லை. தினம் பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில் அந்த அடைப்புக்குள்ளிருந்து கூவும். பாட்டி தானே தண்ணீர் வைப்பார், தானே தீனி வைப்பார், எங்கள் யாரையும் விட மாட்டார். திருவிழா அன்று அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவரும் அவர்தான்.

தம்பிக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. முகம் சவரம் செய்யும்போது அந்தத் தழும்பில் கத்தி தடுக்கும் என்பான். பாட்டி அதற்குப் பிறகும் நேர்ந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் குஞ்சில் நேர்வதை நிறுத்திவிட்டார். கூவத் தொடங்கிய பிறகு, குணத்தைப் பார்த்துத்தான்.

அந்தப் பூசாரி சொன்னதைத்தான் நானும் உங்களுக்குச் சொல்கிறேன், தங்கச்சி. அறுப்பதா வேண்டாமா என்பது நாளைய பேச்சு. அடைப்பது இன்றைக்கே நடக்க வேண்டும். நாலுக்கு ஆறு அடி இடம் போதும். மேலே நிழல், உள்ளே ஏறி நிற்க ஒரு கட்டை, வலையின் அடிப்பாகம் மண்ணுக்குள் ஓரடி இறங்கியிருக்க வேண்டும். பியாவாக்கும் மூசாங்கும் சும்மா இருக்காது. முடிந்தால் இரண்டு வயதான பெட்டைகளை அதோடு விடுங்கள். குஞ்சில் கிடைக்காத பாடம் இப்போதாவது கொஞ்சம் கிடைக்கும்.

அடைத்த பிறகு பெரியவர்கள் மட்டும் உள்ளே போய்ப் பழக வேண்டும். இதில் செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். உதைக்கக் கூடாது, கம்பால் அடிக்கக் கூடாது, திரும்பி ஓடவும் கூடாது. உதைத்தால் சண்டைக்கு வந்தாய் என்று எண்ணும். ஓடினால் நான் ஜெயித்தேன் என்று எண்ணும். நீளக் காற்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, அது நிற்கிற இடத்துக்கே அவசரமில்லாமல் நடந்து போங்கள். விலகும் வரைக்கும் நில்லுங்கள். விலகினதும் நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். பாய்ந்தால், குப்பை அள்ளும் முறத்தையோ தகர மூடியையோ கேடயமாகப் பிடித்து அப்படியே நில்லுங்கள். சிலர் அதைப் பிடித்து, இறக்கை இரண்டையும் அமுக்கி, கைக்கட்டில் வைத்துக்கொண்டு, அடங்கும் வரைக்கும் பத்து நிமிடம் நடப்பார்கள். இது சில சேவலிடம் பலிக்கிறது, சிலவற்றிடம் பலிப்பதில்லை. கையில் வைத்துத் தீனி ஊட்டும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். தரையில் இறைத்துவிட்டு எட்டப் போய்விட வேண்டும்.

மூன்று நாலு வாரம் பாருங்கள். விலகி நிற்கக் கற்றுக்கொண்டால் பெட்டைகளோடு அடைப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் சின்னப் பிள்ளையோடு ஒரே வாசலில் திரியவிட நான் சம்மதிக்க மாட்டேன். விலகவில்லை என்றால் குழம்புதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று: மனிதர்மேல் பாய்கிற சேவலை, "நல்ல சேவல்" என்று சொல்லி இன்னொரு வீட்டுக்கு விற்றுவிடாதீர்கள். அங்கேயும் ஒரு சின்னப் பிள்ளை இருக்கும். அதன் முட்டையை அடை வைக்கவும் வேண்டாம். குணம் இரத்தத்திலும் இறங்குகிறது.

மற்ற வாசகர்களும் கேட்கிற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஈட்டில் நாலைந்து சேவல் குஞ்சுகள் இருந்தால் எதை வைத்துக்கொள்வது? பெரும்பாலான வீடுகளில் முதலில் கூவுவதையும் நிறம் எடுப்பாக இருப்பதையும் நிறுத்திவிட்டு மற்றதை அறுப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் கூவுவது பெரும்பாலும் முதலில் முரண்டு பிடிப்பது. கையில் கொஞ்சம் குருணையை எடுத்து, பெட்டைகள் தள்ளி இருக்கிற நேரத்தில் சேவல்களுக்கு முன்னால் போடுங்கள். ஒன்று அவசரமாக விழுங்கும். இன்னொன்று மணியைக் கொத்தித் தூக்கி, கீழே போட்டு, மறுபடி தூக்கி, "டொக் டொக்" என்று பெட்டைகளைக் கூப்பிடும். இரண்டாவதைத்தான் வையுங்கள். வானத்தையும் அடிக்கடி தலை சாய்த்துப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பருந்து வந்தால் சேவல் போடுகிற சத்தம் வேறு, தரையில் நாய் வந்தால் போடுகிற சத்தம் வேறு. ஆராய்ச்சி செய்தவர்களும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பருந்துக்கு ஒரு மெல்லிய நீண்ட கீச்சு. எல்லாக் கோழியும் புதருக்குள் ஓடும். நாய்க்குக் "கொக்கொக் கொக்கொக்" என்று விடாத கூச்சல். எல்லாம் தலை நிமிர்ந்து நிற்கும். இந்தக் காவல் வேலைக்காகத்தான் சேவலுக்குத் தீனி போடுகிறோம். வெறும் முட்டைக்குச் சேவலே தேவையில்லை. பெட்டை தானாகவே முட்டையிடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நாலு பெட்டைக்கு இரண்டு சேவல் வைத்தால் பெட்டைகளின் முதுகு மொட்டையாகிவிடும். ஒரே இரத்தத்திலேயே வருடக்கணக்காக இனம் பெருக்கினால் குஞ்சுகள் சோனியாகும்; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு தோட்டத்து உறவுக்காரர்களோடு சேவலை மாற்றிக்கொள்வது நல்ல வழக்கம். பழைய சேவலை விலக்கிய பிறகும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல், பெட்டைகள் அதன் குஞ்சுக்குரிய முட்டையையே இடும். ஆகவே மூன்று வாரம் கழித்து அடை முட்டை சேர்க்கத் தொடங்குங்கள். காட்டோரத் தோட்டங்களில் காட்டுச் சேவல் இறங்கி வந்து நம் பெட்டைகளோடு சேர்வதும் உண்டு. அந்தக் குஞ்சுகள் பார்க்க அழகு. ஆனால் கையில் அகப்படாது, கூட்டில் அடங்காது, மரத்தில்தான் தூங்கும்.

வெளியிலிருந்து வாங்கும் சேவலை இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும். 2004 ஆகஸ்டில் கிளந்தானின் தும்பாட் பகுதியில் கம்பத்துக் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா? எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சண்டைச் சேவல்களால் வந்திருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. சண்டைச் சேவல் இரத்தம் கலந்ததை வீட்டுக் கூட்டத்துக்கு வாங்குவது எனக்கு உடன்பாடே இல்லை. சேவல் சண்டை விடுவது சட்டப்படி குற்றம் என்பதையும், 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் அதற்குக் கடுமையான தண்டனை வைத்திருப்பதையும் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பறவைக் காய்ச்சல் எப்போதாவது வருவது. நம் லயங்களில் கூட்டைக் காலி செய்வது வெள்ளைக் கழிச்சல்தான். மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், ஒரு வாரத்தில் கூடு வெறிச்சோடிவிடும். வந்த பிறகு மருந்தில்லை, வராமல் தடுக்கத்தான் முடியும். மரத்தில் தூங்கும் கோழியைப் பிடித்து ஊசி போடுவது பெரும்பாடு என்பதால், வெயிலைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்கும் முறையை 1980களில் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகத்தில், அதாவது இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், கம்பத்துக் கோழிகளுக்காகவே ஆராய்ந்தார்கள். இப்போது உங்கள் பகுதியில் என்ன மருந்து, எந்த வயதில் என்பதை மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள். நாலைந்து வீடு சேர்ந்து போட்டால்தான் பலன். ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தீனியில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. முட்டைக் கோழிக்கு விற்கிற தீனியை விடலைச் சேவலுக்கும் போடுகிறார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளர்கிற கோழிக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளரும் கோழித் தீனியோடு தவிடு, குருணை, தேங்காய்ப் பிண்ணாக்கு, நெத்திலித் தலை போதும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் விஷம் உண்டு. வாட்டிக் காயவைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு வைக்கும் மருந்துக் கட்டியும், அதைத் தின்று செத்த எலியும், புல்லுக்கு மருந்தடித்த தோம்பைக் கழுவிய தண்ணீரும் கோழிக்கு எமன். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும் மற்ற மருந்துகள் இருக்கத்தானே செய்கின்றன. மருந்தடிக்கும் நாளில் கோழியை அடைத்து வையுங்கள்.

தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சேவல் வைப்பது அடுத்த வீட்டுத் தூக்கத்தில் கை வைப்பது. சிங்கப்பூரில் 2017ன் தொடக்கத்தில் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் பிடித்து அழித்தார்கள். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்ததில் தொடங்கியது அது. முட்டைதான் வேண்டும் என்றால் நகராண்மைக் கழகத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு இரண்டு பெட்டை வையுங்கள். சேவல் ஆசையை ஊருக்குப் போகும்போது தீர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன், தங்கச்சி. பெரியவனிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். அடுத்த வீட்டில் யாராவது அடை வைத்திருந்தால், பொரித்த குஞ்சுகளை 21ஆம் நாளிலிருந்து எட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்கோழி எப்போது கூப்பிடுகிறது, எப்போது கொத்துகிறது, எந்தக் குஞ்சு எட்டாவது வாரத்தில் கொண்டை சிவக்கிறது என்று ஒரு பழைய கொப்பியில் எழுதட்டும். அதில் அவனுக்குப் பிடித்த ஒன்றை, தாயை விட்டுப் பிரிந்த பிறகு, மற்றவற்றோடு சேர்த்தே வாங்கிக் கொடுங்கள். தோளில் ஏற்ற வேண்டாம் என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். ராஜாவை அறுக்க வேண்டி வந்தால் அவனிடம் மறைக்காதீர்கள். பள்ளிக்குப் போயிருக்கும்போது அறுத்துவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று சொல்லாதீர்கள். அன்று அவன் வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் சாப்பிடட்டும்.

சின்னவளின் காலில் ஏற்கெனவே கீறல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நாளைக்கே கிளினிக்கில் காட்டிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை, மழைக்காலத்தில் பெட்டைகளுக்கு வரும் செள்ளையும் சாம்பல் குளியலையும் பார்ப்போம்.